செந்தில் பாதியில் விட்ட கிடார்

மாசி 3, ஞாயிறு

விடிகாலை பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று செந்தில் பழக்கிவிட்டிருந்தான். அப்படித்தான் இதுவும். யாரும் பார்க்கப் போவதில்லை. நானே படிக்க முடியாது.

கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியை மருமகள் கோமதி இன்றைக்கு வெளியே இழுத்தாள். செந்தில் வாங்கிய கிடார். முழுசாக வராது, துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிப் பூட்ட வேண்டும். பக்கமும் அடிப்பலகையும் ஒட்டிவிட்டு, மீதியை வந்து பார்க்கிறேன் என்று போர் போடுகிற ரிக் வண்டி ஏறினான் என் மகன். ஐப்பசியில் உயிரில்லாமல் வந்தான்.

அவள் சொன்னது: "மாமா, இதை நீங்க முடிச்சுக் குடுங்க. எடுத்துக்கிட்டு எங்கப்பனூட்டுக்குப் போயர்றனுங்க. முடியற வரைக்கும் இங்கயே இருக்கறனுங்க."

சரி சாமி என்றேன்.

கேஸ் தீர்ந்தது. சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

மாசி 4, திங்கள்

மேல்பலகை அப்பளம் மாதிரி. அதற்கு உள்பக்கம் ஒட்டக் கொடுத்திருக்கும் சட்டங்கள் தீக்குச்சிக்கு அண்ணன், அவ்வளவுதான். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் தாளைக் கோமதி படித்தாள்.

"படத்துல இருக்கறாப்பலயே ஒட்டோணுமாமுங்க. கூடக் கட்டை வெக்கக் கூடாதாமா."

"ஆறு கம்பியும் இழுத்துச்சுன்னா வயிறு புடைச்சுக்கும் சாமி. நான் எத்தனை லாரி பாடி கட்டியிருப்பேன்."

"இதுல ஆரும் லோடு ஏத்தப் போறதில்லீங்களே மாமா."

சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

ஆனாலும் கை கேட்கவில்லை. நாமக்கல் பட்டறையில் நான் கட்டிய முதல் பாடி. வண்டி எடுக்க வந்த ஓனர், நீலச் சட்டை, இடது காலில் சுண்டுவிரல் இல்லை, பலகை மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். எல்லாரும் அப்படித்தான் குதித்துப் பார்த்து எடுப்பார்கள். ஒரு பலகை முனகியது. அத்தனை பேர் முன்னால் மேஸ்திரி விட்ட அறை. அன்றிலிருந்து ஒரு சட்டம் போதும் என்கிற இடத்தில் எனக்கு இரண்டு.

பழைய வேங்கைக் கட்டையில் இரண்டு கீற்று அறுத்துக் குறுக்கே ஒட்டினேன். கிளாம்பு போட்டாயிற்று.

மாசி 6, புதன்

மேல்பலகை மூடியாச்சு. முழங்கால் வலி. தயிர் புளித்துவிட்டது.

செந்தில் ஒட்டிய மூலையில் பசை வழிந்து, அதில் அவன் விரல் ரேகை. சுரண்ட எடுத்த உளியைக் கோமதி பிடித்துக்கொண்டாள்.

குழாயடியில் காதில் விழுந்தது: "மருமவ போயிட்டா கெழவனுக்கு ஆரு சோறாக்கிப் போடறது?" "ஏன், நீ போயிப் போடு." ஒரே சிரிப்பு.

பள்ளிபாளையத்திலிருந்து கோமதியின் அப்பா போன். தறி ஓட்டுகிறவர், குரல் எப்போதும் தறிச் சத்தத்துக்கு மேலே. வாசல் வரை கேட்டது. "அதென்னம்மா கோயில் தேரா, இத்தனை நாளு செய்யறதுக்கு? உனக்கு வயசிருக்குது. எத்தனை நாளைக்கு அங்கயே கெடப்ப?" அவர் பேச்சில் தப்பில்லை.

மாசி 10, ஞாயிறு

கழுத்து பூட்டி, கம்பி கட்டியாச்சு. கோமதி ஒரு கம்பியைத் தட்டினாள். ஜவ்வரிசி மூட்டையைத் தட்டினது போல. ஆறையும் தட்டினாள். ஆறும் அப்படியே.

"என்னுங்க மாமா இது?"

"கட்டை வெச்சு அமுக்கிப்போட்டேன் சாமி."

உள்ளே போய் அரிசி களைந்தாள். வெகுநேரம் களைந்தாள். பிறகு வந்து, "ஊமையா எடுத்துட்டுப் போமாட்டனுங்க. சரி பண்ணிக் குடுங்க" என்றாள்.

அப்படியானால் இன்னும் இருப்பாள். எனக்குள் ஒரு சந்தோஷம். வெட்கக்கேடுதான். ஆனாலும் வந்தது. ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

மாசி 13, புதன்

வேலை ஒன்றும் செய்யவில்லை. முழங்கால் என்று சொல்லிவைத்தேன். வலி நிஜம், அவ்வளவு இல்லை.

வழி தெரியாமல் இல்லை. மூடியைப் பிரித்தால் பிளந்துவிடும். நடு ஓட்டை வழியாகக் கைவிட்டு, வேங்கைக் கீற்றைச் செதுக்கி எடுக்க வேண்டும். என் கை நுழையாது. கோமதியின் கை நுழையும். இது எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டே போனில் அவள்: "எனக்குத் தூக்கமே இல்லீங்கப்பா. ஒவ்வொரு நாளும் அவரு பைக்கு வந்து நிக்கறாப்பலயே இருக்குது. எந்திரிச்சுப் போயிக் கதவைத் தொறந்து பாக்கறேன். மாமாகிட்டச் சொல்ல முடியுமா? பாவமுங்க அவரு."

நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவன், வைக்காமல் வந்துவிட்டேன்.

மாசி 14, வியாழன்

காலையில் நானே கூப்பிட்டேன். கம்பியைத் தளர்த்தி, சின்ன உளியைக் கையில் கொடுத்து உள்ளே விடச் சொன்னேன். அவளுக்கு உள்ளே தெரியாது. மேலே நான் விரலால் தட்டித் தட்டிச் சொன்னேன். "இங்க. இன்னும். மெதுவா சாமி. அங்க போதும்." பிறகு குச்சியில் உப்புத்தாள் சுற்றி இழைத்தாள். ஓட்டை வழியாக மஞ்சளாகத் தூள் கொட்டியது. மணிக்கட்டெல்லாம் சிராய்ப்பு. மத்தியானம் சோறு ஆக்கவில்லை, முறுக்கும் டீயும்.

பொழுது சாய, கம்பியை முறுக்கினேன். ஒன்றைத் தட்டினாள்.

சத்தம் வந்தது. அடுத்த அறை வரைக்கும் போயிற்று.

அவளுக்குப் பாட்டு வாசிக்கத் தெரியாது. அந்த ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். அப்புறம் பலகை மேல் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தலையைத் தொடலாமா என்று தெரியவில்லை.

வெளியே வந்து அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சம்பந்தி, முடிஞ்சுதுங்க. நாளைக்குக் கார் எடுத்துட்டு வாங்க."

"நாளைக்கு வெள்ளிக்கெழமைங்களே. ஊட்டுப் பொண்ணை வெள்ளிக்கெழமை அனுப்புவாங்களா?"

"பரவால்லீங்க, வாங்க. பின்னாடி சீட்டுல எடம் உட்டு வாங்க."

பிறகு மெதுவாக, "நீங்களும் வாரீங்களா சம்பந்தி?" என்றார்.

"இல்லீங்க. கிடாருக்கு."