இடக்கைக்கு வாகான கவசம்

ஓஸ்டர்மோர்
12 ஜனவரி 1996

எக்கார்டுக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வாய். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். கவசம் செய்யும் வேலையை உனக்குக் கொடுக்கச் சொன்னது நான் இல்லை. எங்கள் அருங்காட்சியக இயக்குநர் டாக்டர் லூர்ஸ் தானாகவே எடுத்த முடிவு. ரோமானியத் தகட்டுக் கவசம் அடிக்க உன்னை விட்டால் ஆள் இல்லையாம். நான் மறுக்கவில்லை. உன்னைப் பிரிந்து வந்துவிட்டேன் என்பதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

அகழாய்வில் கிடைத்திருப்பது மிகவும் குறைவு. மார்புத் தகட்டில் ஒரு துண்டு, கழுத்து வளைவில் கொஞ்சம் பித்தளை விளிம்பு, ஓரத்தில் வார் மாட்டும் ஒரு பக்கிள். அவ்வளவுதான். அதுவும் மண்ணோடு சேர்த்துப் பிளாஸ்டர் போட்டுத் தூக்கி வந்த கட்டிக்குள் துருப்பிடித்துக் கிடக்கிறது. சுத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகும். கண்காட்சித் திறப்பு விழாவோ ஏப்ரலில், அதற்குள் நான் விளக்கப் புத்தகமும் எழுதியாக வேண்டும். ஆகவே நீ எக்ஸ்ரே படத்தை வைத்துத்தான் செய்தாக வேண்டும். படம் இத்துடன் வருகிறது. கட்டியில் மேலே இருப்பது தகட்டின் வெளிப்பக்கம். அந்தக் கணக்கில் இது வலது மார்பு.

தெரியாத இடத்தைத் தெரிந்ததுபோல் நிரப்பாதே. போன கவசத்தில் உன் இஷ்டத்துக்குப் பூ ஆணிகள் அடித்தாயே, அதுபோல் ஒன்றுகூட இதில் வேண்டாம்.

வீப்கே

ஹோல்ஸ்பாக்
25 பிப்ரவரி 1996

என் அன்பு வீப்கே,

உன் உறையைப் பார்த்ததும் வக்கீல் கடிதமோ என்று பயந்து அரை நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். உள்ளே எக்ஸ்ரே. பரவாயில்லை, என் நெஞ்சு இல்லை, ஏதோ ரோமானியன் நெஞ்சு.

முன்பு என்றால் இந்நேரம் உனக்கு நான்கு பக்கம் மறுப்பு வந்திருக்கும். நீ வீட்டை விட்டுப் போன அன்று, "ஒரு பேச்சை முடிக்க என்னை நீ விட்டதே இல்லை" என்றாய். ஒரு வருடமாக அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த முறை பேச்சு உன்னுடையது. நீ சொன்னதை அப்படியே செய்தேன். வலது மார்பு என்றாய், வலதுதான். பூ ஆணி ஒன்றும் இல்லை.

நேற்று பட்டறை வாசலில் நானே மாட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரெனாட்டே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னப்பா, பொண்டாட்டி போன துக்கத்துல இரும்புக்குள்ள பூந்துக்கிட்டியா?" என்றாள். "திரும்பி வந்தா அடி தாங்கணும்ல" என்றேன். சிரித்துவிட்டு உருளைக்கிழங்கு சூப் கொடுத்துப் போனாள்.

குனிந்தேன், நிமிர்ந்தேன், வாள் வீசினேன். எங்கும் பிடிக்கவில்லை. பக்கிள் கைக்கு வாகாக வருகிறது, ஒரே இழுப்பில் வார் மாட்டிக்கொள்கிறது. அடுத்த வாரம் லாரியில் அனுப்புகிறேன்.

ஈஸ்டருக்கு வருகிறாயா? அடுப்பு சரி செய்துவிட்டேன்.

உன் எக்கார்ட்

ஓஸ்டர்மோர்
9 மார்ச் 1996

அன்புள்ள எக்கார்ட்,

பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன. உன் கையால் நீ செய்த வேலையிலேயே இதுதான் சிறந்தது. ஒரு இடத்தில்கூட நீ உன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

லூர்ஸுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "வலதுன்னு உறுதியாச் சொல்லலாமா? கட்டி இன்னும் முழுசாப் பிரிக்கலையே" என்றார். உன் கடிதத்தைக் காட்டினேன். செய்தவரே மாட்டிப் பார்த்து வாகாக வருகிறது என்கிறார், வேறென்ன வேண்டும் என்றேன். விளக்கப் புத்தகத்தில் அதை என் பெயரிலேயே எழுதிவிட்டேன். அச்சுக்குப் போய்விட்டது.

ஈஸ்டருக்கு வரலாம் என்றுதான் நினைக்கிறேன். பெரிதாக ஏற்பாடு எதுவும் செய்யாதே.

வீப்கே

ஓஸ்டர்மோர்
1 ஏப்ரல் 1996

எக்கார்ட்,

ஈஸ்டருக்கு நான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் காவலாளி ஊடோவுக்குக் கவசத்தை மாட்டினோம். விழாவில் அவர்தான் அணிந்து நடக்கப் போகிறார். முகம் சிவக்க மல்லுக்கட்டினார். "டாக்டரம்மா, இந்த வாரை எந்தக் கையால இழுக்கறது? ஆகவே மாட்டேங்குது. செஞ்சவருக்குக் கை திருப்பி வெச்சிருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

நீ இடக்கைக்காரன். பன்னிரண்டு வருடம் சாப்பாட்டு மேசையில் உன்னோடு முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். அது எனக்கு எப்படி மறந்துபோனது?

உடனே கட்டியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்துத் துருவைச் சுரண்டினேன். தகட்டைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின், வெளியே தெரிய வேண்டிய உருண்டைத் தலைகள் அங்கே இருக்கின்றன. நான் வெளிப்பக்கம் என்று சொன்ன பக்கத்தில் இருப்பது தட்டி நசுக்கிய முனைகள். தகடு மண்ணில் குப்புறக் கிடந்திருக்கிறது. அது இடது மார்பு. படத்தைத் தலைகீழாகப் படித்தவள் நான்தான், அதை உன்மேல் போடவில்லை.

ஆனால் உனக்குத் தெரியும். மாட்டிய அந்த நிமிடமே தெரிந்திருக்கும். எத்தனை பேருக்குக் கவசம் மாட்டிவிட்டவன் நீ! உன் கைக்கு வாகாக வந்தால் ஊருக்கு வராது என்று தெரியாதா? நான் புத்தகம் எழுதுகிறேன் என்றும் தெரியும். சூப்பில் உப்பு அதிகம் என்றால்கூட விடாமல் வாதாடுகிறவன், வாயைத் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் ஏன் திறக்கவில்லை? என்மேல் உள்ள பிரியமா, பழி தீர்ப்பதா? சமாதானம் எதுவும் வேண்டாம். எது என்று மட்டும் எழுது.

லூர்ஸிடம் இன்னும் சொல்லவில்லை. விழா இருபதாம் தேதி.

வீப்கே

ஹோல்ஸ்பாக்
4 ஏப்ரல் 1996

வீப்கே,

தெரியும். வாரை இழுத்த உடனே தெரிந்தது.

லூர்ஸிடம் என் பெயரைச் சொல்லிவிடு. படத்தை நான்தான் திருப்பி வைத்து வெட்டினேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

நீ கேட்டதற்குப் பதில். முதலில் பிரியம்தான். நான் வாயைத் திறந்தால் "பார், ஆரம்பித்துவிட்டாயா" என்பாய், ஈஸ்டரும் போய்விடும் என்று பயந்தேன். நீ சொன்னதை ஒருமுறையாவது அப்படியே கேட்டவனாக இருக்க ஆசைப்பட்டேன். இதோடு நிறுத்தினால் நல்லவனாகத் தெரிவேன். ஆனால் பெட்டியில் ஆணி அடிக்கும்போது வேறொன்றும் தோன்றியது. ஒருமுறை நீ தப்பாகப் போகட்டும், நான் இல்லாமல் உனக்கு ஆகாது என்று ஊரே பார்க்கட்டும் என்று தோன்றியது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

எக்கார்ட்

ஓஸ்டர்மோர்
10 ஏப்ரல் 1996

எக்கார்ட்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எழுந்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்து இன்னொருமுறை படித்தேன். நீ கடைசியாக எழுதியது வலித்தது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் சொன்னவற்றில் நீ ஜெயிப்பதற்காகச் சொல்லாதது அது ஒன்றுதான்.

உன் கையெழுத்து வேண்டாம். என் தப்பை நீ வாங்கிக்கொள்வதும் என் வாயை அடைப்பதுதான். லூர்ஸிடம் நானே சொன்னேன். "அச்சடிச்சு வெச்ச புத்தகத்த என்ன பண்றது, தலையில தூக்கி வெச்சுக்கவா?" என்று கத்தினார். கத்தட்டும், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்திலும் திருத்தச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன், என் பெயர் போட்டு. வேலை போகாது என்றுதான் தோன்றுகிறது. போனாலும் துண்டு இடது மார்புதான்.

மார்புத் தகடுகள் இரண்டையும் புதிதாக அடிக்க வேண்டும். லாரியில் அனுப்ப நேரம் இல்லை. உன் சுத்தியல், பட்டறைக்கல் எல்லாம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைக்குள் இங்கே வா. அருங்காட்சியகத்தின் பின்வாசலில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். நான் பக்கத்தில் இருப்பேன். நான் தப்பாகச் சொன்னால் தகட்டை வெட்டுவதற்கு முன்னால் சொல். கத்தியே சொல். நானும் கத்துவேன், தயாராக வா. ஊடோ மாட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை முடிந்ததாகக் கணக்கில்லை.

விடுதியில் அறை சொல்லியிருக்கிறேன். இருவருக்கும் ஒரே அறைதான். கட்டில் இரண்டு.

வீப்கே