வங்காலையிலிருந்து வலை கேட்டவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கொழும்பில் நான் நல்ல சுகம். மடு மாதா உங்களையும் அப்படியே வைத்திருக்கட்டும். முழங்கால் நோ குறைந்ததா?

என் படப்பிடிப்புத் தொழிலுக்கு விளம்பரமாக இணையத்தில் வலைப்பூ எழுதுகிறேன் அல்லவா? பேசாலைக் கரையில் நீங்கள் குனிந்திருந்து கிழிந்த வலை பொத்துகிற படத்தை அதன் முகப்பில் போட்டிருந்தேன். நேற்று, அதைப் பார்த்துவிட்டு, வங்காலையில் மீளக்குடியேறிய அருளப்பு என்பவர் அழைத்தார்.

“தம்பி, வலை என்ன விலை?”

“ஐயா, நான் படம் எடுக்கிறவன்.”

விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப என்ர மகளின்ர கலியாணத்துக்கு வாரும்.”

ஊர்ப்பக்கம் கிடைத்த முதல் கலியாணம்! அடுத்த மாதம் வருகிறேன். கொஞ்சம் கருவாடு எடுத்து வையுங்கோ. இந்த முறை கமராவை நிமிர்ந்து பாருங்கோ; உங்கள் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதை வலைப்பூவில் போடமாட்டேன்.

என் படக்கடைக்கு ஆள் வந்துவிட்டது; மிச்சம் நேரில்.

மகன்,
ஜெனோஜன்