அணிலுக்குப் பதில் சொன்னவர்கள்

அன்புள்ள மோனிஷா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், காணாமல்போன நம்மூட்டு மிக்ஸி மூடி மொட்டைமாடியில் காக்காய்க்குத் தண்ணீர் வைத்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. விசாரணை நடக்கிறது, என்னைத் தவிர எல்லோரும் என்னையே சந்தேகப்படுகிறார்கள். அப்பா துணி வெட்டிக்கொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இங்கே யாவரும் சௌக்கியமாகவும் சத்தமாகவும் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டுத் தண்டாயுதபாணி அண்ணன் அங்கே வருவதால், அவரிடம் கொடுத்துவிடும் பனியன் பார்சலுக்குள் இதை வைத்திருக்கிறோம்.

இனி பெரிய சேதி. உன் மகள் தேஜு வாயைத் திறந்துவிட்டாள், சாப்பிட அல்ல, பேச! நீ போனதிலிருந்து எதற்கும் தலையாட்டல்தான், வீடியோ காலில் நீ அழுதுவிட்டு வைத்த நாளெல்லாம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பல்லடத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் டேப்லெட்டில் ஒரு கார்ட்டூன் அணிலை ஏற்றிக் கொடுத்தார். அது கேள்வி கேட்கும், காதில் கைவைத்துக் காத்திருக்கும், பதில் வந்தால் குதிக்கும். நன்றாகத்தான் குதித்தது, ஆனால் தேஜு பேசி அல்ல. சாப்பிட்டாயா என்று அது கேட்டதும் வீட்டு முன்கட்டில் பனியன் பிசிறு வெட்டும் செக்கிங் டேபிளிலிருந்து செல்லாத்தாள் அக்கா, ஆச்சுங் கண்ணு, நீங்க சாப்டாச்சுங்களா என்றார். எந்த ஊர் என்றதும் அப்பா நம் ஊருக்கு பஸ் ரூட்டே சொன்னார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமலிருந்தால் மரியாதையா என்று வீடே பதறியது. பாவம் தேஜுவுக்கு ஒரு கேள்விகூட மிஞ்சவில்லை.

அப்போதுதான் உன் தம்பி நான் களத்தில் இறங்கினேன். என் விசேஷப் பயிற்சியின் பலனாக, வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அணில், உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்க, யாரும் வாய் திறக்காமலிருக்க, தேஜு அதன் மூக்கில் விரல் வைத்து, எங்கம்மாவைங்க, பெரிய பிளேன்ல போயிருச்சுங்க என்றாள். செல்லாத்தாள் அக்கா கையிலிருந்த கத்தரியைக் கீழே போட்டுவிட்டார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சுத் தூசி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஒரே கேள்வி கேள் கண்ணு, கேட்டுவிட்டுச் சும்மா இரு, நீயே பதில் சொல்லிவிடாதே, அழவும் செய்யாதே, எவ்வளவு நேரமானாலும் அவள் சொல்வாள் என்கிறார் அப்பா. மகராசியாக இரு, சாமி கூடவே இருக்கும். பனியனை வெந்நீரில் ஊறவைக்காதே, சுருங்கிவிடும்.

இப்படிக்கு,
அப்பா கந்தப்பன்
(எழுதியது: பேச்சுப் பயிற்சியாளர் கவின்)

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்முன் அப்பா முழுசாகப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டார், மாட்டிக்கொண்டேன். பயிற்சியும் இல்லை, ஒன்றும் இல்லை அக்கா. அன்றைக்கு எல்லோர் வாயிலும் சுடச்சுட போண்டா. அப்போதும் அணிலுக்குப் பதில் சொல்ல முண்டியது நான்தான். நாக்கு வெந்து ஆ, ஆ என்று நின்றதில் தேஜு முந்திக்கொண்டாள்.