மெனோர்காக்காரருக்கு ஒரு சைக்கிள்

ஜனவரி 9

கடை மார்ச்சில்தான் திறக்கும். எட்டு வருடமாக, வாடகைக்குச் சைக்கிள் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் எந்த மலையை என்றைக்கு ஏறுவது, எங்கே காபிக்கு நிற்பது என்று நான்தான் வழி போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் இந்தத் தீவை நான் ஒருமுறைகூட முழுதாகச் சுற்றியதில்லை. போன வருடம் ஒரு டேனிஷ் பல் வைத்தியர், கலங்கரை விளக்கத்தில் பார்த்த சூரியோதயத்தைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்தார். என் ஊரை எனக்கே! தலையாட்டிக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது.

பிப்ரவரியில் பாதாம் பூத்துவிடும். ஐந்து நாள் போகப்போகிறேன்.

யாரோடு?

ஜனவரி 11

சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தேன். அம்மா போனபிறகு இந்த மேசை ரொம்பப் பெரிதாகிவிட்டது. முதல் இரவு மலைமேல் இருக்கும் யுக் மடத்தின் விருந்தினர் அறையில், அடுத்தது சோயெர் ஊரில். பிறகு மேற்குக் கடற்கரையோடு இறங்கி, சமவெளி வழியாக வீடு. வழி போடுவது எனக்குக் கை வந்த வேலை, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி மாலை முழுக்க என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜனவரி 14

ஏன் அப்படிச் சொன்னேன்?

ரொட்டிக்கடையில் அபொலோனியா அக்காவிடம் பயணத்தைப் பற்றி வாயை விட்டுவிட்டேன். "வீட்டுல கட்டில் இருக்கறப்ப முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் காசு கொடுத்துப் படுப்பியா? கிறுக்கு புடிச்சிருச்சாடி உனக்கு?" என்று சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப்பிறகு குரலை இறக்கி, "தனியாவா போற, கொலோமா?" என்று கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லக்கா. மெனோர்காவுலேருந்து ஒரு நண்பர் வர்றார்."

"ஆம்பளையா?"

"ம்."

"நல்ல மனுஷனா?"

"ரொம்ப. அதிகம் பேசமாட்டார். காலையில எனக்கு முன்னாடி எழுந்து காபி போட்டுடுவார்."

காபியா! எந்தக் காபி, யார் போட்டது? பக்கத்துத் தீவுதான், ஆனால் மெனோர்காவில் எனக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது.

ஜனவரி 16

புனித அந்தோனியார் திருவிழா, ஊர் முழுக்க நெருப்பு மூட்டும் இரவு. தெருவுக்குத் தெரு தீ, அதைச் சுற்றி அவரவர் குடும்பம், அவரவர் பெஞ்சு. நான் ஒரு துண்டு தொத்திறைச்சியைக் கம்பியில் குத்தி வாட்டி, நின்றபடியே தின்றேன். யாரும் என்னை விரட்டவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கவும் இல்லை.

எங்கள் கடை மெக்கானிக் மெல்சியோர் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கும் பெஞ்சு கிடையாது.

"மெனோர்காக்காரர் வர்றாராமே" என்றார்.

இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியாயிற்று. ஆமாம் என்றேன்.

"கப்பல்ல சைக்கிளத் தூக்கிட்டு வந்து எதுக்கு அவஸ்தைப்படணும்? கடையில அத்தனை சும்மா நிக்குது. அளவு மட்டும் சொல்லுங்க, நான் தயார் பண்ணி வெச்சுடறேன்."

தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூடத் தோன்றவில்லை.

ஜனவரி 20

இன்று பால் வாங்கும்போது சொன்ன 'நன்றி' ஒன்றுதான் நான் பேசிய பேச்சு.

ஜனவரி 23

கடைப் பட்டறைக்குப் போனேன். மெல்சியோர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். தடுமாறினால் பிடிபட்டுவிடுவேன் என்று கடகடவென ஒப்பித்தேன். சீட் உயரம் எழுபத்து மூன்று சென்டிமீட்டர். கைப்பிடி கொஞ்சம் கிட்டே இருக்க வேண்டும். "அப்புறம் இடது ஷூவுக்கு அடியில மெல்லிசா ஒரு தகடு வெக்கணும். அந்தக் கால் துளி குட்டை."

அவர் எழுதுவதை நிறுத்தினார். பென்சிலைச் சீவினார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"சரி" என்றார்.

மாலை

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஐயோ. அது மெல்சியோரோட கால்!

கடையில் சேர்ந்த புதிதில் ஆளுக்கு அளவெடுக்க நான் பழகியதே அவர் உடம்பில்தான். புதிதாக வருகிற எல்லாரும் அப்படித்தான் பழகுவார்கள். சின்ன வயதில் முறிந்து குட்டையான கால் அது. அந்தத் தகட்டை நானே என் கையால் வைத்திருக்கிறேன். அவர் மூஞ்சிக்கு நேரா அவர் அளவையே ஒப்பிச்சுட்டு வந்திருக்கேனே, எனக்கு மூளை இருக்கா?

ஜனவரி 26

மூன்றாவது நாளாக வடகாற்று. வெளியே போகாமலிருக்க நல்ல சாக்கு.

ஜனவரி 29

எத்தனை நாள் ஒளிவது? போனேன். "தலைக்குள்ள நூறு பேர் அளவு கிடக்கு, அன்னைக்குக் குழம்பிட்டேன்" என்றேன்.

மெல்சியோர் கையைத் துடைத்தார். "அப்படியா? நம்ம முதலாளி தோஃபொல் சீட் உயரம் என்ன?"

தெரியவில்லை.

"நாலு வருஷமா வர்றாரே அந்தப் பல் வைத்தியர், அவருக்கு?"

தெரியவில்லை. மூன்றாவது ஆளைப் பற்றி அவர் கேட்கவில்லை. சுவரோரம் ஒரு நீலச் சைக்கிள் தயாராக நின்றது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன்" என்றார். "எதையும் மாத்த வேண்டியதில்ல."

ஏதோ முனகிவிட்டு ஓடி வந்துவிட்டேன். நாற்பத்தேழு வயது எனக்கு. அவர் என்னைக் கேலி செய்தாரா, இல்லை — தெரியவில்லை. இப்படி ஓடித்தானே இத்தனை வருடமும் தனியாக நிற்கிறேன். இதை யார் மேலும் பழி போட முடியாது.

பிப்ரவரி 3

தோட்டங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டன. ஜன்னலை மூடி வைத்தேன்.

பிப்ரவரி 5

அபொலோனியா அக்கா, "எங்கடி உன் ஆளு?" என்றாள். ரொட்டிக்கடை நிறையக் கூட்டம்.

"அப்படி ஒரு ஆளே இல்லக்கா. சும்மா சொன்னேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். இல்லாத ஆம்பளைக்குத்தான் இவ்வளவு நல்ல குணம் இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அழுதுவிடுவேன் என்று நினைத்தேன், ஆனால் நானும் சிரித்தேன். கால் தானாகப் பட்டறைப் பக்கம் நடந்தது. நின்றால் திரும்பிவிடுவேன் என்று நிற்காமல் போனேன்.

"மெனோர்காக்காரர் வரலை" என்றேன்.

"அப்ப இந்தச் சைக்கிள் சும்மா நிக்குமே" என்றார் மெல்சியோர்.

நிற்கட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நீங்க ஓட்டுறீங்களா?" என்று வந்துவிட்டது. எட்டு வருடத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, வேலை சம்பந்தமில்லாமல்.

சங்கிலியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"ஏத்தத்துல நான் மெதுவாத்தான் வருவேன்."

"உச்சியில நிக்கிறேன்."

"குளிருமே."

"நிக்கிறேன்னு சொல்றேன்ல?"

பிப்ரவரி 6

யுக் மடத்துக்கு ஃபோன் செய்து இன்னொரு அறை கேட்டேன். இருக்கிறதாம். ஆளுக்கொன்று.

பிப்ரவரி 12, யுக்

உச்சியில் இருபது நிமிடம் நின்றேன். பல் கிடுகிடுத்தது. வந்து சேர்ந்தவர், மூச்சு வாங்கி முடித்தபிறகு, "நிஜமாவே நிக்கிறீங்களே" என்றார்.

நாளை சோயெர். அவர் அறைப் பக்கம் வெயிலே வராதாம். அதனால் என் ஜன்னல் கம்பியில் இரண்டு ஜோடி காலுறைகள் காய்கின்றன.