உன் அப்பா செய்த மாபெரும் தியாகம்

அன்பு மகள் நசிமியுவுக்கு, அம்மா எழுதுவது. அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளை பராசாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஆடு மாடு உட்பட எல்லோரும் நலம். உன் அப்பாவும் நலம்தான், ஆனால் அதை அவரிடம் சொல்லிவிடாதே, வருத்தப்படுவார். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்துகொண்டு, சபையார் ஒவ்வொருவராக வந்து விசாரித்துவிட்டுப் போவதை ரசித்துக்கொண்டிருக்கிறார். நீ போனில் கேட்டால் எல்லாம் கர்த்தருடைய கிருபை என்று முடித்துவிடுவார், அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

அறுவடைக்கு முன்னால் நம் பிஷப் எல்லாப் போதகர்களையும் கிசுமு பட்டணத்துக்கு வரச்சொன்னார். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி இனிமேல் சபைகளே பேச வேண்டுமாம், மிஷன் ஆஸ்பத்திரி நர்சுகள் மாதம் ஒருமுறை கோயில் வளாகத்துக்கே வந்து கூடாரம் போடுவார்களாம், போதகர்கள்தான் ஜனங்களைத் தயார் செய்ய வேண்டுமாம். உன் அப்பா ஏரிக்கரை ஓட்டலில் பொரித்த திலாப்பியா மீன் தின்றுகொண்டே தன்னுடைய இருபத்தெட்டு வருஷப் பிரசங்கத்தை மாற்றிக்கொண்டார். போகும்போது பூமியை நிரப்பச் சொன்ன மனிதர், வரும்போது ஒரு துணிப்பையும் நெஞ்சில் "அளவான குடும்பம்" என்று எழுதிய பனியனுமாக வந்து இறங்கினார். ஏழு பிள்ளைக்குத் தகப்பன் அந்தப் பனியனோடு சந்தைக்குள் நடந்தபோது, நான் அவரைத் தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் திரும்பி வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், நோவாவுக்கு மூன்றே மகன்கள், அதனால்தான் பேழையில் இடம் போதுமானதாக இருந்தது என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். இதை ஏன் என்னுடைய மூன்றாவது பிரசவத்தோடு அவர் கண்டுபிடிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சபை மூப்பர் மகோக்கா எழுந்தார். மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருக்கு ஆறும் பெண்கள், மனைவி நெலிமா ஏழாவதைச் சுமந்துகொண்டு பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பாஸ்டர், நீங்க வயிறு நெறைய சாப்பிட்டு ஏப்பமும் விட்டுட்டு, இன்னும் பந்தியில உக்காந்திருக்கறவனப் பாத்து எந்திரிங்கறீங்களே. எனக்கு இன்னும் பையன் பொறக்கல" என்றார். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பதில் தெரியாதபோது உன் அப்பா என்ன செய்வார் என்பது உனக்கே தெரியும், உடனே பாட்டு அறிவித்துவிட்டார்.

அடுத்த மாதம் சோள அறுவடை நடந்துகொண்டிருந்தது. கோயில் நிலத்தில் பெண்களெல்லாம் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தோம், நெலிமாவை வராதே என்று சொல்லியும் கேட்காமல் வந்திருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன, தலை வலிக்கிறது அக்கா என்று சொன்னவள் அப்படியே வரப்பில் சரிந்தாள், கைகால் இழுக்க ஆரம்பித்தது. ஆண்கள் எல்லோரும் மூப்பர் கூட்டத்தில் இருந்தார்கள். எதற்கென்று நினைக்கிறாய், கூடாரத்துக்கு இடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான். நாங்கள் கத்தின கத்தலில் ஓடிவந்தார்கள். மகோக்காவே மில் வண்டியை ஓட்ட, மரத்தூள் மேல் அவளைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளைக் காப்பாற்றினார்கள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை. இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை நசிமியு. மகோக்கா அதைத் தன் மேல்சட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டு வராந்தாவில் நின்றார், யாராவது சொல்லும்வரை உட்காரவில்லை. அவர்கள் வாழைத் தோப்புக்குப் பின்னால் உன் அப்பாதான் ஜெபம் செய்து அடக்கம் பண்ணினார்.

டாக்டர் அச்சியெங் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். இன்னொரு பிரசவம் என்றால் நெலிமா திரும்பமாட்டாள். ரத்த அழுத்தம் இருக்கும் இருப்புக்குக் கர்ப்பத்தடை ஊசி ஆகாது, கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருப்பதால் உள்ளே எதையும் வைக்கவும் முடியாது, அறுவை சிகிச்சையைத் தாங்க உடம்பில் ரத்தமில்லை. "பாக்கி இருக்கறது நீங்கதான், உங்களுக்கு ஒரு சின்ன ஆபரேஷன்" என்று மகோக்காவிடம் சொன்னாள். அவர் பதறிப்போய், "என்னைக் காளைய மாதிரி காயடிக்கச் சொல்றீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். "பாஸ்டர், மேடையில நின்னு பேசறது சுலபம். நீங்க செஞ்சுக்கிட்டு வாங்க, அப்புறம் நான் போறேன்" என்றார். உன் அப்பாவின் கை பாட்டுப் புத்தகத்தைத் தேடியது. நான் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "பாட்டு வேணாம், பதில் சொல்லுங்க" என்றேன். இது ஜெபித்து எடுக்க வேண்டிய முடிவு என்றார். "ஜெபத்த வண்டியில போறப்ப பண்ணிக்கோங்க, அங்க நெலிமா படுத்துக் கெடக்கா" என்றேன்.

போனார். அதைத்தான் இப்போது சபையே மாபெரும் தியாகம் என்கிறது. தையல்கூடப் போடவில்லை, உன் அப்பா அங்கியைக் கழற்றி மாட்டும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால், கால் மரத்துப்போகுமா, குரல் கீச்சென்று ஆகிவிடுமா என்று டாக்டரிடம் கேட்டாராம். வீட்டுக்கு வந்து மீன்காரியிடம் ஐஸ் வாங்கி வரச்சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்தார். உன்னைப் பெற்ற மறுநாள் நான் தண்ணீர்க்குடம் தூக்கிய கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன், நோயாளியைத் துன்பப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஏழு தடவையும் இப்படியா வலிச்சுது?" என்று கேட்டார். "இல்ல, அதெல்லாம் இதவிடக் கம்மி" என்றேன். மறுநாள் விடிந்ததும் அடுப்படியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், எனக்காக டீ போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஆனால் வாக்குக் கொடுத்த மகோக்கா வரவில்லை. ஆள் அனுப்பினால் மில்லில் வேலை இருக்கிறது என்றார், மறுபடி அனுப்பினால் ஆளே இல்லை என்று வந்து சொன்னார்கள். நெலிமாவை வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. உன் அப்பா தலையணையைத் தள்ளிவிட்டு எழுந்தார். கால்களை அகட்டி வைத்து வாத்து மாதிரி நடந்தாலும் நடந்தேதான் போனார், விழுந்து வைத்தால் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் பின்னாலேயே போனேன். மகோக்கா ரம்பத்தை நிறுத்தாமல் மரம் தள்ளிக்கொண்டிருந்தார். உன் அப்பா தானே போய் விசையை அணைத்தார். "என் குரலக் கேளு, மாறியிருக்கா? தாடி கொட்டியிருக்கா?" என்றார். மகோக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "அதில்ல பாஸ்டர், ஒரே ஒரு பையன் மட்டும்" என்று இழுத்தார். அப்போது உன் அப்பா சொன்னதை எந்தக் கிசுமு ஓட்டலிலும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். "உன் பையனுக்கு நான்தான் மண்ணு போட்டேன் மகோக்கா. நெலிமாவுக்கும் என்னைப் போட வச்சுடாத. என்னால முடியாது" என்றார். குரல் உடைந்துவிட்டது. மகோக்கா மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். இருபத்தெட்டு வருஷமாக இந்த மனிதரின் பிரசங்கம் கேட்கிறேன், இது ஒன்றுதான் எனக்கு மனப்பாடம்.

அப்புறம் என்ன, இப்போது ஆராதனை முடிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராகக் கோயிலுக்குப் பின்பக்கம் வந்து, தங்களுக்காக இல்லையாம், ஒரு நண்பனுக்காகவாம், உன் அப்பாவிடம் ரகசியமாக விசாரிக்கிறார்கள். நம் ஊர் ஆண்களுக்கு இத்தனை நண்பர்கள் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. கூடாரமும் வந்துவிட்டது, பெண்கள் கூட்டம் வாசல்வரை நிற்கிறது. பிஷப் உன் அப்பாவின் தைரியத்தைப் பாராட்டி, மற்ற சபைகளில் வந்து சாட்சி சொல்லும்படி கேட்டிருக்கிறார். என் ஏழு பிரசவத்துக்குச் சாட்சி சொல்ல இதுவரை எந்தப் பிஷப்பும் கூப்பிடவில்லை, பரவாயில்லை, நான் கொஞ்சம் வேலையாக இருக்கிறேன். நெலிமா போன ஞாயிறு கோயிலுக்கு வந்தாள், ஆறு பெண்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "இனிமே பயமில்லையாக்கா?" என்று காதோடு கேட்டாள். "அவருக்குப் பண்ணின ஆபரேஷன் முழுசாப் பலிக்க மூணு மாசம் ஆகும்னு டாக்டர் சொன்னாங்கல்ல, அது கழியட்டும், அப்புறம் இல்ல" என்றேன். தலையை என் தோளில் சாய்த்துப் பிரசங்கம் முழுக்கத் தூங்கினாள். மகோக்கா பார்த்தார், எழுப்பவில்லை. உன் அப்பாவும் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் உனக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று மாதர் சங்கத்தில் கேட்கிறார்கள். பிஷப் இடைவெளி விடச் சொன்னார், என் மகள் முதல் பிள்ளைக்கு முன்னாலேயே விட்டுவைத்திருக்கிறாள் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் தூங்கி இறங்கும் இடத்தை விட்டுவிடாதே. மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாவிட்டால் இப்போதே பழக்கு, ஐம்பது வயதுக்கு மேல் பழக்கினால் உப்பைப் போட்டுவிடுகிறார்கள். கல்யாணத்தன்று உன் அப்பா வீடு கொள்ளாமல் பிள்ளைகள் என்று உன்னை ஆசீர்வதித்தார், அதை அவர் திருத்திக்கொள்ளட்டும், நான் என் பங்குக்குச் சொல்கிறேன். நீ வேண்டுகிறது, நீ வேண்டுகிறபோது, நீ வேண்டுகிற அளவுக்குக் கர்த்தர் உனக்குக் கொடுக்கட்டும். பெற்றாலும் பெறாவிட்டாலும், என் பிள்ளையே, நீ உயிரோடு இரு.

உன் அம்மா,
நக்குமிச்சா