சராசரிக்குள் மூழ்கிய ஆறு

ஜூன் 4

காலைத் தேநீர் ஆறுவதற்குள் எண்பது ஆண்டுகளை உருட்டி முடித்தேன். மேலே இருக்கும் பனியாறு, அதிலிருந்து பிறக்கும் நம் ஆறு, இனி வரப்போகும் வெயில் – மூன்றையும் கணினிக்குள் போட்டு, நாற்காலியை விட்டு எழாமலே மலையை உருக்கும் மாமன்னன் அடியேன். சூரியன்கூட என்னிடம் லீவு சொல்லிவிட்டுத்தான் மறைய வேண்டும்.

ஆனால் திரையில் வந்த கோடு பிடிக்கவில்லை. கோடைக் கடைசியில் ஓடும் நீர் இன்னும் கொஞ்ச காலம் ஏறிக்கொண்டே போகிறது. பனி வேகமாக உருக உருக ஆறு கொழுக்கிறது. பிறகு உருகுவதற்குப் பனி இல்லை. மாடிப்படியில் கால் தடுக்கியவன் மாதிரி கோடு விழுகிறது. கணினி மாடலை எப்படியெல்லாமோ மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டேன். விழும் ஆண்டுதான் மாறுகிறது. விழாமல் இருப்பதில்லை.

ஜூன் 9

எங்கள் துறைத் தலைவருக்கு நான் வைத்த பட்டம் சராசரியார். வீட்டில் மனைவி கோபமா என்று கேட்டால்கூட வருடச் சராசரியைத்தான் சொல்வார்.

"இந்த மேடு பள்ளத்தையெல்லாம் யாருங்க படிப்பாங்க? மொத்தத்துக்கும் ஒரு சராசரி போட்டு அறிக்கையோட முதல் பக்கத்துல வைங்க."

போட்டேன். ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மிஞ்சியது ஒரு வரி: 'ஆற்று நீரில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.' என் கோடு பின்னிணைப்புக்கு நாடு கடத்தப்பட்டது.

"பாதி ஆயுசு விருந்து, பாதி ஆயுசு பட்டினின்னா, சராசரியா வயிறு நிறைஞ்சுதான் செத்தான்னு எழுதுவீங்களா?" என்றேன்.

"நீங்க நல்லாப் பேசுறீங்க," என்று சொல்லிவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

ஜூலை 21

அக்கா மகள் போனில். குரலில் குதியாட்டம்.

"மாமா, முடிவு பண்ணிட்டோம். நகரத்து வீட்டைக் குடுத்துட்டு ஆத்தங்கரையில நிலம் வாங்குறோம். முழுக்க ஆப்பிள். செப்டம்பர்ல கையெழுத்து."

"எந்த ஆறு?"

"உங்க ஆறுதான். உங்க அறிக்கையைப் படிச்சுட்டுத்தான் தைரியமே வந்துச்சு. மாற்றம் இல்லைன்னு முதல் பக்கத்துலயே இருக்கே. கீழ உங்க பேரு வேற."

நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். பாழாய்ப்போன இந்த வாய் என்ன சொன்னது? "அந்த ஆத்துல மீனெல்லாம் வரிசையில நின்னு பஸ் ஏறி ஊரை விட்டுப் போகும் பாரு" என்றது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏங்க, மாமா ஆரம்பிச்சுட்டாரு," என்று புருஷனையும் கூப்பிட்டாள். அவள் கல்யாணத்தில் கரடியைக் கடித்துத் துரத்தியதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் அளந்தவன்தானே நான். பின்னிணைப்பைப் படி, கோட்டைப் பார் என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச அதுவும் நடிப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஜூலை 22

முதல் பக்கத்தைத் திருத்தச் சொல்லி சராசரியாரிடம் போனேன். "வரி தப்பா?" என்றார். தப்பில்லை. அதுதானே கொடுமை.

ஆகஸ்ட் 13

அவர்கள் வாங்கப்போகும் நிலத்தைப் பார்க்க நேரில் போனேன். ஆறு கரையைத் தின்றுகொண்டு ஓடுகிறது. பால் கலந்த மண்ணிறம், காதடைக்கும் இரைச்சல், பாறைகள் உருளும் சத்தம் செருப்பு வழியாக ஏறுகிறது.

"பாருங்க மாமா, வத்துற ஆறா இது?" என்றான் மாப்பிள்ளை.

என்ன சொல்வேன். அது ஊறி வரும் நீர் இல்லை. மேலே ஒரு உடம்பு கரைந்து ஓடுகிறது. இங்கே பெருகப் பெருக அங்கே பனி குறைகிறது.

அவன் நகர்ந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "விளையாடாமச் சொல்லுங்க. எப்போ குறையும்?"

"இருபது வருஷமா இருக்கலாம். முப்பதா இருக்கலாம். எந்த வருஷம்னு எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

அவள் முகம் வெளிறியது. நான் எதையாவது தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் அவனிடம் சொன்னாள். "மாமாவுக்கே தெரியலையாம்ல, அப்புறம் என்ன?" என்று அவன் ரொட்டியைப் பிய்த்தான்.

பொய் சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அதில் ஓட்டை தேடுகிறார்கள். நான் எந்த வாயால் பேசுவது?

ஆகஸ்ட் 30

மறுபடி ஓட்டினேன். விழுகிறது.

செப்டம்பர் 5

கையெழுத்தாகிவிட்டது. அவளே கூப்பிட்டுச் சொன்னாள். நான் வாழ்த்தினேன், வேறென்ன செய்ய.

"எங்க காலத்துக்கு வரும்ல மாமா?"

"பாதிக்காவது வரும்."

"பாப்பாவை வேற ஏதாவது படிக்க வெச்சுக்கறோம்," என்றாள். குரல் தேய்ந்திருந்தது. பிறகு, "இவ உங்ககிட்ட கதை கேக்கணும்னு உயிரை வாங்குறா. பயமுறுத்தாம ஏதாவது சொல்லுங்க," என்று போனைக் குழந்தையிடம் கொடுத்தாள்.

மூன்று வயது. "தாத்தா, பெருசா சொல்லு."

உங்கள் புது நிலத்தை ஒட்டி ஒரு ஆறு, என்று ஆரம்பித்தேன். எவ்வளவு அகலம், என்ன நிறம், பாறை உருளும்போது எப்படி நிலம் அதிரும், பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது – அன்று பார்த்ததை அப்படியே சொன்னேன். ஒரு சொட்டும் கூட்டவில்லை.

"அவ்ளோ பெருசா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வளர்ந்து பெரியவளாகி, இளைத்துப்போன ஆற்றைப் பார்க்கும்போது இதையும் தாத்தாவின் புளுகு மூட்டையில்தான் சேர்ப்பாள்.