நீ போடாத சட்டை

சித்தி,

இன்று காலை கூடத்தில் ஃப்ளெக்ஸ் பேனரைப் பிரித்தார்கள். வீடு முழுக்கப் புது மையின் நெடி. உன் பதினாறாம் நாள் காரியத்துக்காக மாமா அடித்துக்கொண்டு வந்தது. அதில் நீ வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறாய். தோளில் நான்கு தங்கக் கோடுகள், பின்னால் பெரிய ஜெட் விமானம், உன் பெயருக்கு முன்னால் 'கேப்டன்'. உன் முகத்தை வெட்டி யாரோ ஒரு விமானியின் கழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

நியூசிலாந்தில் வேலை பார்த்தபோது நீ ஓட்டியது இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். உன்னிடம் இருந்தது பிரைவேட் லைசென்ஸ். "காசு வாங்கிக்கிட்டு ஒரு ஆளைக்கூட ஏத்தக் கூடாதுடி. ஆசைக்கு ஓட்டலாம், அவ்ளோதான்" என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீலசந்திராவில் நம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அதுவும் செல்லவில்லை. இந்திய லைசென்ஸாக மாற்ற மருத்துவப் பரிசோதனை, இந்த நாட்டு விதிகளில் பரீட்சை, அதன்பிறகு ஓட்டியும் காட்ட வேண்டும். "அங்க நான் பைலட், இங்க எல்கேஜி" என்றாய்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தபடி நீ படிப்பாய். புத்தகம் என் மடியில் இருக்கும். கேள்வி கேட்பது நான்.

"ஊர் விட்டு ஊர் பறக்க யார்கிட்ட அனுமதி நம்பர் வாங்கணும்?"

"ஏர்ஃபோர்ஸ்கிட்ட."

"வாங்காம கிளம்பினா?"

"இறங்கினதும் ஜெயில் களி."

"அரை மார்க்தான்."

"டீச்சரம்மா, கொஞ்சம் கருணை காட்டுங்க."

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமாவுக்கு அது தெரியும். காலண்டரில் நான்தான் வட்டம் போட்டிருந்தேன். அதே நாளில் பொம்மசந்திராவிலிருந்து ஒரு குடும்பத்தை உன்னைப் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார். நீ செருப்பை மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார். "வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சுட்டுப் போவியா? பரீட்சை எங்க ஓடிப் போகுது?"

நீ செருப்பைக் கழற்றினாய். அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம்தான், சித்தி. அண்ணன் சொன்னால் கழற்றிவிடுவதா?

மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டுமாமே?" என்று கேட்டார். "ஐயோ, அதெல்லாம் அங்கயே விட்டுட்டு வந்துட்டா" என்றார் மாமா. காபித் தட்டோடு நின்ற நீ, "விடல. இன்னைக்குப் பரீட்சை இருந்துச்சு" என்றாய். அவர்கள் காபி குடிக்காமலே கிளம்பினார்கள். அதன்பிறகு மாமா உன்னோடு பேசவே இல்லை. தெருவில் மட்டும், "பெரிய பைலட்டு, வீட்ல பருப்பு வேக வைக்கத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டிய வாரமே உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. அதே மாமாவுக்கு இப்போது நீ கேப்டன்.

"இது சித்தி சட்டை இல்ல மாமா" என்றேன்.

"யாருக்குத் தெரியப் போகுது? பெருமையா இருக்கட்டும் விடு."

"எனக்குத் தெரியும். நீங்க எழுத விடாத பரீட்சையும் தெரியும்."

பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று யாரோ முணுமுணுத்தார்கள். பேனரை வாசலில் கட்டிவிட்டார்கள்.

எதிர்வீட்டு மஞ்சுளா ஆன்ட்டிதான் முதலில் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "கேப்டன் ஆயிருந்தாளா? நம்மகிட்ட சொல்லவே இல்லையே" என்றார். மாமா பக்கத்தில்தான் நின்றார்.

"ஆகல ஆன்ட்டி. இங்க லைசென்ஸ் மாத்தப் படிச்சிட்டிருந்தாங்க. பரீட்சை அன்னைக்கே பொண்ணு பாக்க ஆளுங்கள வரச் சொல்லிட்டார் மாமா."

மாமா பந்தல்காரரைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னை உள்ளே இழுத்து, அழுதபடி, "கோபத்த விடுடி. அவ ஆத்மா சாந்தியடைய வேணாமா?" என்றாள்.

என் கோபம்தான் உன் சாந்திக்குத் தடை என்றால் நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், சித்தி. சொந்தக்காரர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். நான் திரும்ப வாசலுக்குப் போகிறேன்.